கருவி ஏந்திய கையும் கணக்குக் கேட்கும் நெஞ்சும்

தஞ்சைப் பெருங்கோயிலின் கற்சுவரில் இராசேந்திர சோழன் கடல்கடந்து வென்ற ஊர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 1025ஆம் ஆண்டளவில் சோழரின் கப்பற்படை கடாரத்தைத் தாக்கி வென்ற செய்தியை அக்கல்வெட்டுப் பெருமிதத்தோடு அறிவிக்கின்றது. தமிழ்நாட்டு மேடைகளில் அச்செய்தி முழங்கப்படாத திங்கள் இல்லை. 'கடாரம் கொண்டான்' என்று தொண்டை வறள முழங்கிவிட்டு, மாலையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போகின்றவர்கள், அதே கடாரத்துக்கு ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகள் கழித்துத் தஞ்சை மண்ணிலிருந்து யார் போனார்கள், எப்படிப் போனார்கள் என்பதை மட்டும் சொல்வதில்லை. சொன்னால் மேடையின் உயரம் குறைந்துவிடும் என்று அஞ்சுகின்றார்கள் போலும்!

போனவர்கள் கூலிக்காரர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து, 1938இல் இந்திய அரசு கூலியாள்களைத் திரட்டி அனுப்புவதைத் தடைசெய்யும் வரையில், நாகப்பட்டினத் துறையிலிருந்து பினாங்குக்கும் கிள்ளான் துறைக்கும் கப்பல் கப்பலாக ஆட்கள் ஏற்றப்பட்டனர். காவிரி பாய்ந்து முப்போகம் விளைந்ததாகப் பாடப்பெறும் நாட்டில், நாற்றுப் பறித்தவளுக்கும் நடவு நட்டவளுக்கும் சோறு இல்லை. பண்ணையாளாய்ப் பிறந்து பண்ணையாளாய்ச் சாகும் வாழ்வும், சாட்டையடியும், சாணிப்பாலும் ஒருபுறம். கங்காணி காட்டிய கடலுக்கு அப்பாலைய கூலி மறுபுறம். போகாமல் தங்கியவர்களின் பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பவர்க்குக் கீழ்வெண்மணி விடை சொல்லும். 1968 திசம்பர் 25ஆம் நாள் இரவு அங்கே ஒரு குடிசைக்குள் எரிந்த 44 உயிர்களில் பெண்டிரும் குழந்தைகளுமே மிகுதி.

கடல் கடந்தவள் கண்டது வேறொரு பண்ணை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, இருட்டில் பால்மரத்தைக் கீறி, வெயில் ஏறுமுன் வாளியைச் சுமந்து வர வேண்டும். ஆணுக்கு ஒரு கூலி. அதே மரத்தை வெட்டும் பெண்ணுக்கு அதனினும் குறைந்த கூலி. துரைக்கும் கிராணிக்கும் அவள் உடலின்மேலும் உரிமை உண்டென்ற நினைப்பு அங்கே வழக்கமாகவே இருந்தது. இது வெறுஞ்சொல்லன்று. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில், தோட்டத்துப் பெண்களிடம் முறைகேடாக நடந்துகொள்வதை நிறுத்த வேண்டும் என்பதும் ஒன்று. துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்ற இழிவை ஒழிக்கவேண்டும் என்பது இன்னொன்று. ஆங்கிலேய ஆட்சி அதற்குத் துப்பாக்கியால் விடை சொன்னது, தொழிலாளர் மாண்டனர், முன்னின்றோர் நாடு கடத்தப்பட்டனர்.

இந்தப் பெண்களின் கையிலேயே இரண்டு ஆண்டுகள் கழித்துத் துப்பாக்கி வந்து சேர்ந்தது.

1942 பிப்பிரவரி 15இல் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது. 1943 சூலையில் சுபாசு சந்திர போசு அங்கே வந்திறங்கி இந்தியத் தேசியப் படையின் தலைமையை ஏற்றார். பெண்களுக்கெனத் தனிப்படை அமைப்பதாக அத்திங்களே அறிவித்தார். அதனை உருவாக்கும் பொறுப்பைச் சென்னையில் 1914இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1940இல் சிங்கப்பூர் சென்று ஏழைத் தொழிலாளர்க்கு மருத்துவம் பார்த்துவந்த இலக்குமி சுவாமிநாதன் ஏற்றார். அக்டோபர் 21இல் அமைக்கப்பட்ட இடைக்கால அரசில் அவர் ஒருவரே பெண் அமைச்சர். மறுநாள், அக்டோபர் 22இல், சிங்கப்பூரில் பெண்படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. கோலாலம்பூரில் பிறந்த சானகி என்னும் பதினெட்டு அகவைப் பெண் வந்தார். ஈப்போவில் பிறந்த யாழ்ப்பாணக் குடிவழித் தமிழ்ப்பெண் இராசம்மா பதினாறு அகவையில் வந்தார். இவர்கள் படித்தவர்கள், பெயர் எழுதவும், பின்னாளில் நினைவுகளைச் சொல்லவும் தெரிந்தவர்கள். இவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற மிகப் பலர் தோட்டத்து லயங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். எழுத்தறியாதவர் அவர்களுள் பலர். அவர்கள் பெயரை ஊரறியச் சொல்வார் இல்லை.

படைக்கு இடப்பட்ட பெயர் சான்சிராணியினுடையது. வேலுநாச்சியார் என்றொருத்தி 1780இல் சிவகங்கையை மீட்டு ஆண்டதை அறிந்திருக்க வேண்டியவர்கள், தமிழ்ப்பெண்கள் மிகுந்த படைக்கு அவளுக்கு முக்கால் நூற்றாண்டுக்குப் பின்வந்த வடபுலத்து அரசியின் பெயரைத் தேடிப் பிடித்தனர். அணிவகுப்பு ஆணைகள் உரோமன் எழுத்தில் எழுதப்பட்ட இந்துத்தானி மொழியில் வழங்கின. ஒரு மொழியை எதிர்த்துத் தாயகத்தில் பெண்கள் சிறைபுகுந்து ஐந்தாண்டுகூட ஆகவில்லை. கடல்கடந்த தங்கையர் அதன் உடன்பிறப்பான மொழியில் 'நில், நட, சுடு' என்ற சொற்களைப் பயின்றனர். இது குறையே. ஆயினும் இதுவே பெருங்குறை என்று எழுதி முடித்துவிடுகின்ற சிலரைப்போல இதனோடு நின்றுவிடுவது பிழை. இதனினும் கனமான கேள்வி ஒன்று அங்கே கிடக்கின்றது.

அக்கேள்வியைத் தொடாமலிருக்க இரண்டு கூட்டத்தார் இருவகை வழி கண்டுபிடித்துள்ளனர். ஒரு கூட்டத்தார்க்கு இப்பெண்கள் தெய்வங்கள். படம் மாட்டுவார்கள், பொட்டு வைப்பார்கள், 'மறக்குலத் தாய்' என்பார்கள், அவர்கள் என்ன எண்ணினார்கள், எதற்கு வருந்தினார்கள் என்று ஒருநாளும் கேட்க மாட்டார்கள். மறு கூட்டத்தார்க்கு இப்பெண்கள் பேதைகள். பசிக்கு அஞ்சி வந்தவர்கள், போசின் பேச்சில் மயங்கியவர்கள், சப்பானியனின் கைப்பாவைகள் என்று மூன்று வரியில் கதையை முடித்துவிடுவார்கள். இவ்விரு கூட்டத்தாரும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ணுவோர் ஏமாந்தோர். இருவரும் செய்வது ஒரே வேலை. துப்பாக்கியை எடுத்த பெண்ணிடமிருந்து அதை ஏன் எடுத்தாள் என்று எண்ணும் நெஞ்சைப் பிடுங்கிவிடுகின்றனர். தெய்வத்திடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை, பேதையிடமும் கேட்பதில்லை.

பசிக்கு வந்தவர்கள் இருந்தனர் என்பது மெய்யே. தோட்டங்கள் மூடிக் கிடந்த காலம். அரிசி கிடைக்காத காலம். தனித்த பெண்ணுக்குச் சப்பானியப் படையாள்களால் தீங்கு நேரக்கூடிய காலம். முகாமில் சோறு இருந்தது, காவல் இருந்தது, 'ஏய்' என்று கூப்பிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டனர். ஒருவேளைச் சோற்றுக்கும் மதிப்புக்கும் ஆசைப்பட்டது குற்றமா? நாட்டின் விடுதலைக்கு வந்தவளும் சோறு உண்ண வந்தவளும் வேறுவேறு ஆளாய் இருக்கவேண்டும் என்று யார் சொன்னது? கிள்ளான் தோட்டத்தில் துரைக்கு முன்னால் குனிந்து நின்றவள், துரையின் ஆட்சியை ஒழிக்க என்று சொல்லப்பட்ட படையில் நிமிர்ந்து நின்றாள். அவள் தெரிந்தே எடுத்த முடிவு அது. முடிவு அவளுடையது என்று ஒப்புக்கொண்டால்தான் அதன் பொறுப்பும் அவளுடையது என்று பேச முடியும்.

அப்பொறுப்பு எங்கே கனக்கிறது என்பதைக் காண ஓர் இருப்புப்பாதையைப் பார்க்கவேண்டும்.

சீயத்தையும் பர்மாவையும் இணைக்க ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள தொடர்வண்டிப் பாதையைச் சப்பானியர் 1942இலும் 1943இலும் காட்டை வெட்டிப் போட்டனர். போரில் சிறைப்பட்ட வெள்ளையர்களில் 12,000க்கு மேற்பட்டோர் அங்கே மாண்டனர். அவர்களுக்கு ஒழுங்கான கல்லறைகள் உண்டு, காஞ்சனபுரியில் மட்டும் ஏறத்தாழ 7,000. ஆசியத் தொழிலாளரின் சாவு அதனினும் பன்மடங்கு. அவர்களுள் மலேயாத் தோட்டங்களிலிருந்து ஏமாற்றியும் வளைத்துப் பிடித்தும் கொண்டுபோகப்பட்ட தமிழர் பல்லாயிரவர். கக்கற்கழிச்சலிலும் மலைக்காய்ச்சலிலும் பட்டினியிலும் வீழ்ந்தவர்களுக்குக் காடே கல்லறை. தஞ்சையிலிருந்து கப்பலேறியவனின் மகன் குவாய் ஆற்றங்கரையில் பெயரின்றிப் புதைந்தான். அப்பாதையின் இரு முனைகளும் இணைந்த நாள் 1943 அக்டோபர் 17. சிங்கப்பூரில் பெண்படை முகாம் திறந்த நாள் அக்டோபர் 22. இடையே ஐந்தே நாள்.

அதே சப்பானின் துணையோடுதான் இந்தியத் தேசியப் படை நின்றது. அச்சப்பானிடமிருந்தே கருவி வந்தது. அண்ணனைக் காட்டில் கொன்ற ஆட்சி, தங்கைக்குத் துப்பாக்கி கொடுத்தது. 1944இல் பெண்படையினர் தொடர்வண்டியில் பர்மாவுக்கு அனுப்பப்பட்டபோது அவர்களைச் சுமந்து சென்ற தண்டவாளம் எது? அதே பாதை. அவ்வண்டியில் இருந்தவளுக்குத் தன் லயத்திலிருந்து யார் யார் அக்காட்டுக்குப் போய்த் திரும்பவில்லை என்பது தெரியாமலிருக்க வழியில்லை. தாய்மார் ஒப்பாரி வைத்த லயங்களிலிருந்து வந்தவள் அவள்.

இதைச் சொன்னவுடன் சினம் கொள்வோர் உண்டு. 'போசையும் சப்பானியனையும் ஒன்றாக்குவதா?' என்பர். ஒன்றாக்கவில்லை. வெள்ளையனை விரட்டும் விடுதலைப்போர் முறையானது. அடிமைப்பட்டவன் கருவி எடுக்கலாம். கிடைத்த துணையைக் கொள்ளலாம் என்றும் வழக்காடலாம். ஆனால், கொண்ட துணையின் கையில் யார் குருதி இருந்தது என்று கேட்கும் கடமை அதனால் நீங்கிவிடாது. விடுதலையின் பெயரால் நடந்தவற்றுள் எதைத் தாங்கிக்கொண்டோம், எதைக் காணாதது போல் போனோம் என்பதை விடுதலை பெற்றவன் சொல்லியே ஆகவேண்டும். மேடையில் போசின் படம், கீழே சீயக்காட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத அமைதி! இந்த அமைதியை மறப் பண்பு என்று விற்பதுதான் இழிவு.

பெண்படையினர் போர்முனையில் அணியாய் நின்று சுட்டனரா? எஞ்சியிருந்தவர்களைத் தேடிக் கண்டு பேசி 2016இல் நூல் வெளியிட்ட வீரா இல்டிபிராண்டு என்னும் ஆய்வாளர், அப்படி நிற்க வாய்ப்பே வரவில்லை என்றே முடிவு செய்கின்றார். போர்முனைக்கு அனுப்புமாறு குருதியால் கையொப்பமிட்டு விண்ணப்பம் கொடுத்ததாக நினைவுகள் கூறுகின்றன. ஆனால் அவர்களை நோக்கி வந்தது இம்பாலின் தோல்வி. 1944இல் இம்பால் மலைகளிலிருந்து பின்வாங்கிய ஆண்கள் எலும்பும் தோலுமாய்ப் பர்மா மருத்துவமனைகளில் வந்து விழுந்தனர்; கொல்லப் பயின்ற பெண்கள் அவர்களின் புண்ணைக் கழுவினர்; காய்ச்சலுக்கு நீர் கொடுத்தனர். வானிலிருந்து குண்டு விழும்போது நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். 1945 ஏப்பிரலில் இரங்கூனை விட்டு வெளியேறிய நெடும்பயணத்தில் இரவுதோறும் நடந்தனர். சிற்றாங்கு ஆற்றைக் கடந்தனர். தொடர்வண்டியில் சென்ற ஒரு பிரிவு தாக்கப்பட்டதில் பெண்வீரர் இருவர் மாண்டனர். பகைவன் என்று கற்பிக்கப்பட்ட ஆங்கிலேயன் அல்லன் அவர்களைச் சுட்டவன். சப்பானியனின் கொடுமைக்கு எதிராகக் கிளர்ந்த பர்மிய மண்ணின் மகன். தன் நாட்டின் விடுதலைக்கு என்று புறப்பட்டவளை, தன் நாட்டின் விடுதலைக்கு என்று எழுந்த இன்னொருவன் கொன்றான். இதற்கு எந்த மேடையில் எந்த முழக்கம் பொருந்தும்?

அவ்வாண்டு நவம்பரில் உலகின் இரு முனைகளில் இரு வழக்குகள் தொடங்கின. தில்லிச் செங்கோட்டையில் நவம்பர் 5ஆம் நாள், இந்தியத் தேசியப் படையின் தலைவர் மூவர் ஆங்கிலேய மன்னனுக்குச் செய்த உறுதிமொழியை முறித்ததற்காகக் கூண்டில் நின்றனர். செருமனியின் நூரம்பர்க்கு நகரில் நவம்பர் 20ஆம் நாள், இட்லரின் ஆட்சியை நடத்தியவர்கள் கூண்டில் நின்றனர். அங்கே, மேலிருந்து வந்த ஆணையைச் செய்தேன் என்பது குற்றத்திலிருந்து விடுவிக்காது என்று விதி எழுதப்பட்டது. இங்கே, அடிமை நாட்டின் படைவீரன் மன்னனின் ஆணையைவிடத் தன் மண்ணுக்கே கட்டுப்பட்டவன் என்று புலாபாய் தேசாய் வாதாடினார். ஒன்று ஆணைக்குப் பணிந்தவன் மேல் வழக்கு. மற்றொன்று ஆணையை மீறியவன் மேல் வழக்கு. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவனுக்கு ஒன்று விளங்கும்: சீருடைக்குள்ளும் ஒரு மனச்சான்று உண்டு, அதற்கு அவனே பொறுப்பு. செங்கோட்டைக் கூண்டில் நின்ற மூவரும் வடபுலத்தார். மலேயாவிலிருந்து அப்படையில் சேர்ந்த குடிமக்களில் பெரும்பகுதியினரான தமிழர் ஒருவரும் அங்கில்லை. பெண் ஒருத்தியும் இல்லை. அதனால் அவர்களிடம் யாரும் கேள்வியே கேட்கவில்லை. நாட்டு வரலாறும் கேட்க மறந்தது.

கேட்காவிட்டாலும் அவர்களுள் சிலர் தம் வாழ்வைக்கொண்டு விடை எழுதினர். பர்மாவில் ஆங்கிலேயரிடம் சிக்கி 1946 மார்ச்சில் தாயகம் கொண்டுவரப்பட்ட இலக்குமி, கான்பூரில் ஏழைப் பெண்களுக்குப் பேறுகாலம் பார்ப்பதில் பல பத்தாண்டுகளைக் கழித்தார். 1971இல் வங்கத்து ஏதிலியர் எல்லை கடந்து வந்தபோது அவர்களிடையே போய் நின்றார். 1984இல் இந்திரா காந்தி கொலையுண்டபின் சீக்கியரைத் தேடிக் கொன்ற வெறிக்கூட்டத்தின் குறுக்கே கான்பூர்த் தெருவில் நின்றார். அவ்வாண்டு இறுதியில் போபாலில் நச்சுக்காற்று பரவியபோது மருத்துவக் குழுவோடு சென்றார். 2012 சூலை 23இல் மறையும்வரை வெண்கூந்தலோடு நோயாளி பார்த்தார். அவர் சார்ந்த கட்சியின் மொழிக்கொள்கையோடு இவ்விதழ் படிப்போர் உடன்படமாட்டார்கள், அது வேறு. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் முன் 'சுடுங்கள்' என்று ஆணையிடக் கற்றுக்கொடுத்தவர், பின்னர்க் கொலைவெறி எங்கே எழுந்தாலும் அங்கே கையில் கருவியின்றிப் போய் நின்றார் என்பதுதான் எண்ணத்தக்கது. இராசம்மா மலேயாவில் ஆசிரியையானார். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் வேண்டும் என்று 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரத் தோட்டத்தில் குறைந்த கூலி பெற்றவளின் வழக்கு பள்ளிக்கூடத்தில் தொடர்ந்தது. சானகி 1946இல் மலேயா இந்தியர் கட்சி தொடங்கியபோது முன்வரிசையில் இருந்தார்.

தமிழர்க்கு இவ்வகை நெஞ்சம் புதிதன்று. மேடைப் பேச்சாளர் அதனை மறைத்து வைத்திருக்கின்றனர். புறநானூறு என்றால் அவர்கள் எடுத்து முழங்குவது மகனைப் போருக்கு அனுப்பிய தாய் ஒருத்தியைத்தான். அதே நூலில், குடந்தைக்கு அருகிலுள்ள ஆவூர்க் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்த நெடுங்கிள்ளியின் முகத்துக்கு நேரே, மக்கள் பசியால் அலறும்போது கதவடைத்திருப்பது வெட்கம் என்று இடித்துரைத்த கோவூர்கிழாரும் இருக்கிறார். யானைக்காலில் இடப்படவிருந்த மலையமானின் பிள்ளைகளைக் காத்தவரும் அவரே. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூதுபோய்ப் போரைத் தடுக்க முனைந்தவர் ஔவையார் என்னும் பெண். சோழநாட்டு மண்ணில் அரசனைக் கேள்வி கேட்ட புலவன் போற்றப்பட்டான். இன்று படைத்தலைவனைக் கேள்வி கேட்டால் கேட்டவனை இரண்டகன் என்கின்றனர்.

மயிலாடுதுறையை அடுத்த மூவலூரில் வளர்ந்த இராமாமிருதம் அம்மையார் 1938 ஆகத்து முதல்நாள் உறையூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட தமிழர் படையில் நடந்தார். 42 நாள் நடை. அப்படையின் கையில் தடியும் இல்லை; கட்டாய இந்தி வேண்டா என்ற சொல் மட்டும் இருந்தது. அவ்வாண்டு நவம்பரில் அவரும், தஞ்சைக் கருந்தட்டான்குடியில் பிறந்த மருத்துவர் தருமாம்பாளும், கைக்குழந்தையோடு வந்த பிற பெண்களும் சிறை புகுந்தனர். அதே அம்மையார், 1949இல் தம் இயக்கத் தலைவர் செய்தது முறையன்று என்று கண்டபோது, கால் நூற்றாண்டுப் பற்றையும் ஒருபுறம் வைத்துவிட்டு வெளியேறினார். அவர் முடிவு சரியா தவறா என்று இன்னும் வழக்காடலாம். தலைவரைவிடத் தாம் சரியென்று கண்டது பெரிது என்று நின்றாரே, அந்த நிலை படைவீரிக்குரிய நிலை.

இவ்வளவும் சொன்னபின், எல்லாரும் நெஞ்சில் வைத்துக்கொண்டு வாயால் சொல்லத் தயங்கும் செய்திக்கு வராமல் இருக்க முடியாது. ஈழம்.

விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த தமிழினி 1991இல் இயக்கத்தில் சேர்ந்தவர். 2009இல் சிறைப்பட்டு, 2013இல் விடுவிக்கப்பட்டு, 2015 அக்டோபர் 18ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தார். 2016இல் 'ஒரு கூர்வாளின் நிழலில்' என்னும் அவருடைய நூல் வெளிவந்தது. தாம் இருந்த இயக்கத்தையும், தாம் ஏந்திய கருவியையும், தம்மையுமே அதில் அவர் கேள்விக்குள்ளாக்கினார். உடனே கூச்சல் எழுந்தது. 'அவர் எழுதியதன்று' என்றனர் சிலர். 'இரண்டகம்' என்றனர் சிலர். இக்கூச்சலில் உரத்த குரல் எங்கிருந்து வந்தது? கோடியக்கரைக்கு இப்பால், ஒருநாளும் பதுங்குகுழியைக் காணாத வீடுகளிலிருந்தும் வந்தது. பதினெட்டு ஆண்டுகள் படையில் இருந்தவள் பேசக்கூடாது. பதினெட்டு மேடையில் பேசியவன் பேசலாம் என்பது எந்த நாட்டு முறை? நூலின் ஒவ்வொரு வரியோடும் உடன்படவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மறுப்பதானால் வரிக்கு வரி மறுக்கலாம். ஆனால், போர்க்களத்தில் நின்ற பெண் தன் கணக்கைத் தானே பார்க்கும் உரிமையை மறுப்பவன், அவள் உயிரோடிருந்தபோது அவளுக்கு எழுப்பிய வாழ்த்தும் பொய்யே.

தஞ்சையை அடுத்த விளாரில் 2013இல் எழுந்த முள்ளிவாய்க்கால் முற்றத்தில் சிங்களப் படையின் கொடுமை கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. அது செதுக்கப்படவேண்டியதே. பல்லாயிரம் தமிழர் அழிக்கப்பட்டதற்கு உலகம் இன்றுவரை முறையான கணக்குக் கேட்கவில்லை. கேட்கும்போது, தமிழர் தரப்பில் சிறுவர் சிறுமியர் கையிலும் கருவி திணிக்கப்பட்ட உண்மையையும் தமிழரே சொல்லவேண்டும். அதைப் பகைவன் சொல்லுமுன் தாமே சொல்லும் இனத்தின் வழக்குத்தான் உலக மன்றத்தில் நிற்கும். தான் மறைத்து வைத்ததைப் பிறர் எடுத்துக் காட்டும்போது, மறைக்காத பெரும்பேருண்மையும் ஐயத்துக்கு ஆளாகிவிடுகின்றது.

இன்று காவிரிப் படுகைப் பெண்களை நோக்கியும் படையின் அழைப்பு வருகின்றது. 2020 பிப்பிரவரியில் இந்திய உச்ச அறமன்றம் படையில் பெண்களுக்கு நிலையான பதவி கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2022இல் நான்காண்டு ஒப்பந்தப் படைச்சேர்ப்புத் திட்டம் வந்தது. தஞ்சையிலேயே 2020 சனவரி முதல் போர் வானூர்திப் பிரிவு ஒன்று நிலைகொண்டுள்ளது. மேட்டூரில் நீர் இல்லாத ஆண்டில், குறுவை காய்ந்த ஊரில், ஓர் அரசு வேலை என்றால் எந்தப் பெண் வேண்டா என்பாள்? தோட்டத்துப் பெண்ணைப் போலவே இவளும் சோற்றுக்காகவும் மதிப்புக்காகவும் போவாள். அதற்காக அவளைக் குறைகூற எவனுக்கும் உரிமை இல்லை. ஆனால் அவளுக்குச் சான்சிராணியின் படத்தைக் காட்டுகின்றவர்கள், 1987 அக்டோபரில் அமைதிப்படை என்ற பெயரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்த இந்தியப் படையாள்கள் மருத்துவரையும் செவிலியரையும் நோயாளிகளையும் கொன்ற செய்தியையும் சொல்லவேண்டும். ஆணை வரும், அன்று உன் கை என்ன செய்யும் என்று முன்னதாகவே கேட்கவேண்டும். பயிற்சி முகாமில் அதை யாரும் கேட்கமாட்டார்கள். வீட்டில் தாய் கேட்கலாம். பள்ளியில் தமிழாசிரியர் கேட்கலாம். இலக்குமியின் வாழ்வையும் தமிழினியின் நூலையும் கையில் கொடுத்துக் கேட்கலாம்.

1981இல் தஞ்சையில் தமிழுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. கடாரத்துக்குப் போன கப்பற்படையைப் பற்றி எழுத அதற்குத் தாள் இருக்குமானால், கடாரத்துக்குப் போன கூலிப்பெண்ணின் பேத்திகள் சொல்வதைப் பதிவு செய்யவும் தாள் இருக்கவேண்டும். மலேசியாவில் அக்குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. லயத்தில் பாட்டி சொன்னது பேத்திக்கு நினைவிருக்கும். பேத்திக்குப் பின் இருக்காது. 1973 வரை இராசுலாக் கப்பல் வந்து நின்ற நாகைக் கடற்கரையில், சீயக் காட்டில் மாண்டவர்க்கும் பர்மாவிலிருந்து நடந்து மீண்டவர்க்கும் சேர்த்து ஒரு கல் நடட்டும். அக்கல்லில் சப்பானின் பெயரும் இருக்கட்டும், தமிழில் இருக்கட்டும்.